ஷிப்மெண்டுக்கு வைத்தியம்

திருப்பூர் முதலிபாளையத்துக் காய்ச்சலைப் பற்றி ஒரு தொழில் மலரில் மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கும் கட்டுரையைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நம் ஊரில் டைபாய்டு ஏன் அடங்குவதில்லை என்று இனி யாராவது கேட்டால், மூச்சுப் பிடித்து விளக்கிக்கொண்டிருக்காமல் அந்த நாலு பக்கத்தை நீட்டிவிடலாம். மருந்துக்கு அடங்காத கிருமியைப் பற்றி எழுத உட்கார்ந்தவர், அந்தக் கிருமி எந்தப் புத்தியில் ஊறி வளர்கிறதோ அந்தப் புத்தியையே நோய்க்கு மருந்தாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. காங்கயம் சாலையிலும் பல்லடம் சாலையிலும் இதே கருத்துக்கு எத்தனையோ போர்டுகள் தொங்குகின்றன. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் தங்களை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் சொல்வதன் சாரம் இது. வடமாநிலத் தொழிலாளி மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறான், அதனால் கிருமி முரண்டு பிடிக்கிறது. ரத்தக் கல்ச்சர் ஏழைக்கு வீண் செலவு, விடால் டெஸ்டே போதும். மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசியில் காய்ச்சல் விடாவிட்டால் தயங்காமல் அதற்கு மேற்பட்ட ஊசிக்குப் போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மூலம் நாமக்கல் கோழி. கடைசிப் பத்தியில் வேகம் தலைக்கேறி, ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்கிற பேச்சே மேல்நாட்டு மருந்து வியாபாரிகள் கட்டிவிட்ட பூச்சாண்டி என்று முடித்திருக்கிறார்.

‘என் தாய் மலடி’ என்று ஒருவன் சொல்வதைத் தர்க்க நூலார் தன்னையே மறுக்கும் பேச்சான வியாகாதத்துக்கு உதாரணம் காட்டுவார்கள். நம் மருத்துவர் நாலு பக்கத்துக்குள் அந்தத் தாயைப் பலமுறை பிரசவிக்க வைத்துவிட்டார். கிருமியின் எதிர்ப்பு பூச்சாண்டி என்றால் பீகார்க்காரன் பாதி மாத்திரையில் முரடாக்கியது எதை? நாமக்கல் கோழி எதைப் பெற்றுப் போட்டது? இல்லாத ஒன்றை அடக்க அதற்கு மேற்பட்ட ஊசி எதற்கு? குற்றம் நடக்கவே இல்லை, ஆனால் குற்றவாளி இன்னார்தான் என்று தீர்ப்பெழுதும் நீதிபதியை நாம் வேறெங்கும் பார்க்க முடியாது.

பூச்சாண்டிக் கதையை முதலில் முடித்துவிடுவோம்; அதில் தங்குவதற்கு ஒன்றுமில்லை. கிருமிக்கு எதிர்ப்பைத் தரும் என்டிஎம்-1 என்ற மரபணுவைப் பற்றி 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த கட்டுரை, ‘புது டெல்லி’ என்ற பெயரை ஒட்டவைத்து நம்மை அவமானப்படுத்தியது என்று மருத்துவர் இன்னும் கொதிக்கிறார். பெயரைப் பற்றிய கோபம் நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2012-ல் ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து, அப்துல் கஃபூர் முன்னின்று கொண்டுவந்த ஆவணத்துக்குச் ‘சென்னைப் பிரகடனம்’ என்றே பெயர். மேல்நாட்டுச் சதிக்கு இத்தனை உள்ளூர்க் கையெழுத்தா? இன்னும் பின்னால் போனால் சதி பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி நிற்கிறது. குளோராம்ஃபெனிகாலுக்கு அடங்காத டைபாய்டு கோழிக்கோட்டில் பரவியதைப் பணிக்கரும் விமலாவும் நேச்சர் இதழில் எழுதியது 1972-ல். அந்த ஆண்டில் திருப்பூரில் எத்தனை பீகார்க்காரர்கள் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று மருத்துவர் கணக்குச் சொல்லட்டும். அவர்கள் வந்து சேருவதற்கு ஒரு தலைமுறை முன்பே, படிப்பறிவில் நாட்டுக்கே வழிகாட்டியதாகச் சொல்லப்படும் மலையாளக் கரையில் கிருமி மருந்தைத் தின்று ஏப்பம் விட்டாகிவிட்டது.

இனி அவர் மிகவும் நம்பும் விடால் டெஸ்டுக்கு வருவோம். பெர்னாண்ட் விடால் பாரிஸில் இதைச் செய்து காட்டியது 1896-ல். டைபாய்டு கிருமியைத் திரள வைக்கும் எதிர்ப்பொருள் நோயாளியின் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் இது பார்க்கிறது. கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இந்த வேறுபாட்டை மருத்துவக் கல்லூரியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அவரும் அப்போது எழுதிப் பாஸ் செய்திருப்பார். ஐந்து வருடத்துக்கு முன்பு வந்து போன டைபாய்டின் எதிர்ப்பொருள் இன்றைக்கும் தட்டில் தெரியலாம். கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று வயிற்றைத் தொட்டுப் போயிருந்தாலும் தெரியலாம். வேறேதோ காய்ச்சலில் உடம்பு கிளர்ந்தாலும் தெரியலாம். டைபாய்டு எப்போதும் உலவிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்ற ஊரில் காய்ச்சலே இல்லாத ஆளின் ரத்தத்திலும் ஓரளவு இருக்கும். அதனால்தான் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை ரத்தம் எடுத்து அளவு ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். முதலிபாளையத்தில் எந்தக் காய்ச்சல்காரனுக்கு இரண்டாம் முறை ரத்தம் எடுக்கிறார்கள்? ‘ஓ ஒன்றுக்கு நூற்றறுபது’ என்று சிவப்பு மையில் வட்டமிட்ட ஒரு துண்டுச் சீட்டு வந்ததும் ஊசி ஏறிவிடுகிறது. அந்த வட்டமே நோயாகிவிடுகிறது.

இதில் விளையும் வேடிக்கை சாமானியமானது அல்ல. மழைக்காலத்தில் புதரும் புல்லும் மண்டிய இடங்களில் உண்ணிக்காய்ச்சல், அதாவது ஸ்கரப் டைபஸ், தமிழ்நாடு முழுக்க வருகிறது. காட்டுவேலைக்குப் போகிறவருக்கும் வரும், கம்பெனிக்குப் பின்னால் புதர் ஓரம் ஒதுங்குகிறவருக்கும் வரும். கட்டின லுங்கியை நெகிழ்த்தித் தொடையிடுக்கிலும், கையைத் தூக்கச் சொல்லி அக்குளிலும் பார்த்தால், சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத ஒரு கருத்த பொருக்கு சில பேருக்குத் தெரியும். பார்க்க ஒரு நிமிஷம் ஆகும், காசு ஆகாது. அந்தக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளினோ அஸித்ரோமைசினோ கேட்கும். நம் மருத்துவர் போற்றும் செஃப்ட்ரையாக்சோன் ஊசியை வாரக்கணக்கில் ஏற்றினாலும் அதை அசைக்காது. சட்டையைத் தூக்கிப் பார்க்காதவர் விடால் சீட்டைப் பார்த்து டைபாய்டு என்கிறார், மூன்று நாள் ஊசி போடுகிறார், காய்ச்சல் நிற்கவில்லை என்றதும் ‘பார்த்தீர்களா, எதிர்ப்பு!’ என்று கட்டுரை எழுதுகிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; இங்கே கூடத்தையே பார்க்காமல் கோணல் என்கிறார்கள்.

இந்தக் குழப்பம் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1948-ல் தியடோர் உட்வர்டு என்ற அமெரிக்க மருத்துவர் புது மருந்தான குளோராம்ஃபெனிகாலைக் கோலாலம்பூரில் ஸ்கரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஸ்கரப் டைபஸ் என்று நினைத்துச் சேர்த்தவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு; அவர்களும் பிழைத்துக்கொண்டார்கள். டைபாய்டுக்கு மருந்து உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஒரு நோயை இன்னொன்றாக எண்ணிய தவறிலிருந்து ஒரு மருந்து பிறந்தது என்றால், உட்வர்டு பரிசோதித்துத் தவறைக் கண்டுபிடித்தார் என்பதுதான் காரணம். நம்மவர் தவறைக் கண்டுபிடிப்பதற்கு வேண்டிய பரிசோதனையையே செலவுக் கணக்கில் தள்ளுகிறார்.

செலவுக் கணக்கு! முதலிபாளையம் சிட்கோவிலிருந்து ஏற்றுமதியாகும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்தால் சாயம் போகிறதா, வேர்வை பட்டால் நிறம் மாறுகிறதா, சுருங்குகிறதா, தடைசெய்த அசோ சாயம் கலந்திருக்கிறதா என்று லேபுக்குப் போய் ரிப்போர்ட் வராமல் அது கப்பல் ஏறாது. ரிப்போர்ட்டுக்காக ஷிப்மெண்டே நிற்கும். யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்வதில்லை. அந்தத் துணியைத் தைத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்னால் எட்டு அல்லது பத்து மில்லி ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவது மட்டும் ஏழைக்கு வீண் செலவு. ரத்தக் கல்ச்சர் பிழையற்றது என்று யாரும் சொல்லவில்லை. நூறு டைபாய்டில் அறுபது பேரைத்தான் அது பிடிக்கும், இரண்டு மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் பிடித்த அறுபதில் கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று எழுத்தில் சொல்லும். விடால் ஒருநாளும் அதைச் சொல்லாது. எதிர்ப்பைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர், எதிர்ப்பை அளக்கும் ஒரே கருவியை வேண்டாம் என்கிறார் என்றால் அவர் கட்டுரையில் உள்ள ‘எதிர்ப்பு’ எங்கிருந்து வந்தது? திருமூலர் மாதிரி ஞானதிருஷ்டியிலா?

அடுத்தது அவருடைய மூன்று நாள் சாஸ்திரம். கட்டுரையிலேயே ஆபத்தான பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டைபாய்டுக் கிருமி ரத்தத்தில் மட்டும் சுற்றுவதில்லை. நம்மைக் காக்க வேண்டிய செல்களுக்குள்ளேயே புகுந்து, மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குடியிருக்கும். சரியான மருந்தை, சரியான அளவில், முதல் நாளே தொடங்கினாலும் காய்ச்சல் முழுக்க இறங்க ஐந்திலிருந்து ஏழு நாள் ஆவது சாதாரணம். செஃப்ட்ரையாக்சோனில் இது இன்னும் நிதானமாகவே நடக்கும். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூன்றாம் நாள் சாயங்காலம் நூற்றிரண்டு டிகிரி அடிக்கும். பசி எடுக்க ஆரம்பித்திருக்கும், தலைவலி தணிந்திருக்கும், காய்ச்சல் மட்டும் இருக்கும். இதைத் தோல்வி என்று எண்ணி மருந்தை மாற்றுகிறவர், ஏழாம் நாள் காய்ச்சல் விட்டதும் பெருமையைக் கடைசியாகப் போட்ட ஊசிக்குக் கொடுத்துவிடுவார். அந்தக் கடைசி ஊசி மெரோபெனெம் என்று கட்டுரை போகிற போக்கில் எழுதுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் ஊசலாடுகிறவர்களுக்காக வைத்திருக்கும் மருந்து அது. அதைச் செக்கிங் பெண்ணின் ஐந்தாம் நாள் காய்ச்சலுக்கு எடுத்து வீசுவதுதான் வைத்தியம் என்றால், வேப்பிலை அடிக்கிற பூசாரி இவரைவிடப் பொறுப்பானவர். அவரால் எந்தக் கிருமியும் புதுப் பாடம் படிப்பதில்லை.

எது கையை விட்டுப் போகக்கூடும் என்று அவருக்குத் தெரியாதா? பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், ஹைதராபாத்தில், 2016-ல் ஒரு டைபாய்டு கிளம்பியது. குளோராம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் எல்லாவற்றையும் உதறி, செஃப்ட்ரையாக்சோனையும் உதறியது. மிச்சம் நின்ற மாத்திரை அஸித்ரோமைசின் ஒன்றுதான். அதற்கும் அடங்காவிட்டால் மெரோபெனெம் குடும்பத்து ஊசி. மும்பையில் செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத டைபாய்டுக் கிருமிகள் கிடைத்ததைப் பற்றிய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. அஸித்ரோமைசினை உதறும் கிருமிகளை வங்கதேசத்தில் கண்டு 2019-ல் எழுதினார்கள். ஒவ்வொரு வாசலாகச் சாத்திக்கொண்டு வருகிறது. நம்மிடம் இன்றைக்கும் டைபாய்டில் பெரும்பாலானது செஃப்ட்ரையாக்சோனுக்கும் அஸித்ரோமைசினுக்கும் அடங்குகிறது. அந்தப் பாக்கியத்தை மூன்று நாள் பொறுமையின்மைக்குப் பலி கொடுக்கச் சொல்கிறார் மருத்துவர். 1990-களில் சர்வரோக நிவாரணியாக எழுதித் தள்ளிய சிப்ரோஃப்ளாக்சசினுக்கு இன்று பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட டைபாய்டுக் கிருமி சரியாக அடங்குவதில்லை. இதை எழுதித் தள்ளியவர்கள் பீகாரிலிருந்து ரயிலேறி வந்த பையன்களா, எம்பிபிஎஸ் போட்ட லெட்டர்பேடு வைத்திருந்தவர்களா?

இதிலே அவர் தொடாமல் விட்ட ஒரு செய்தி, அவர் வாதத்தையே கவிழ்க்கக்கூடியது. கைவிட்ட பழைய மருந்துகள் திரும்பி வந்திருக்கின்றன. ஐசிஎம்ஆரின் கண்காணிப்பு மையங்களில் கிடைக்கும் டைபாய்டுக் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை இப்போது கோட்ரைமாக்சசோலுக்கும் ஆம்பிசிலினுக்கும் குளோராம்ஃபெனிகாலுக்கும் அடங்குகின்றன. இந்தக் காலத்தில் பீகார்க்காரர் யாரும் திருந்திவிடவில்லை. நாமக்கல்லில் கோழி வளர்ப்பு நிற்கவில்லை. டைபாய்டுக்கு அந்த மருந்துகளை எழுதுவது குறைந்துபோனது. எழுதுகிற கை ஓய்ந்தபோது கிருமியும் சுமையை இறக்கி வைத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? குளோராம்ஃபெனிகால் அபூர்வமாக மஜ்ஜையை வற்றவைத்துவிடும் என்பதால் எச்சரிக்கை வேண்டும். ஆனால் கல்ச்சர் ரிப்போர்ட் கையில் இருந்தால் கோட்ரைமாக்சசோல் மாத்திரையில் குணமாகக்கூடிய நோயாளிகள் இருக்கிறார்கள். விலை மலிவு, ஊசி வேண்டாம், படுக்கை வேண்டாம். ஏழைக்கு வீண் செலவு என்று கண்ணீர் வடித்தவருக்கு இந்த ஏழை வைத்தியம் ஏன் கண்ணில் படவில்லை? இதில் டிரிப்ஸ் ஸ்டாண்டு இல்லை என்பதாலா?

தொழிலாளி பாதியில் நிறுத்துகிறான் என்ற குற்றச்சாட்டுக்கு இப்போது வரலாம். மருத்துவர் பரிந்துரைப்பது மூன்று நாள் செஃப்ட்ரையாக்சோன். டைபாய்டுக்கு அந்த ஊசியைப் பத்து முதல் பதினான்கு நாள் வரை கொடுக்க வேண்டும் என்பது எல்லாப் பாடநூலிலும் இருப்பது. குறைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் மறுபடி எட்டிப் பார்க்கும். அப்படியானால் பாதியில்கூட இல்லை, கால்வாசியில் நிறுத்தச் சொல்வது யார்? தொழிலாளி செய்தால் அறியாமை, மருத்துவர் செய்தால் அனுபவம். நோயாளியின் தோளில் இருக்கும் மூட்டையைக் காட்டித் திருடன் என்கிறார். மூட்டையைக் கட்டிக் கொடுத்த கை அவருடையது.

அந்தத் தொழிலாளியின் வாரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டர் கையில், சனிக்கிழமை சம்பளம். ஒன்றரை ஷிப்ட் போட்டால்தான் ஊருக்கு அனுப்ப மீறும். ஈஎஸ்ஐ இருக்கிறதே என்பார் மருத்துவர். இருக்கிறது, இருபத்தோராயிரத்துக்கு உட்பட்ட மாதச் சம்பளக்காரர் நோயில் விழுந்தால் சராசரிக் கூலியில் எழுபது சதவீதம், வருடத்துக்குத் தொண்ணூற்றொரு நாள் வரை கொடுக்கிற நல்ல சட்டம் அது. ஆறு மாதத்தில் எழுபத்தெட்டு நாளாவது அவர் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அவர் பெயர்தான் எந்த ரெஜிஸ்டரிலும் இல்லையே! மூன்று மாதத்துக்கு ஒரு கம்பெனி, ஆறு மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் என்று மாறுகிறவருக்கு எழுபத்தெட்டு எங்கே சேரும்? பதினான்கு நாள் ஊசி என்றால் பதினான்கு நாள் கூலி போச்சு. ‘ஏனுங்க டாக்டர், திங்கக்கிழமை மிசின்ல உக்காரோணும், ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுருங்க’ என்று அவர் கேட்கிறார். கேட்பதற்கு அவருக்குக் காரணம் உண்டு. ஒத்துக்கொள்வதற்கு மருத்துவருக்கு என்ன காரணம்?

காரணம் கட்டுரையிலேயே இருக்கிறது; அவரே அறியாமல் எழுதிவிட்டார். ‘காய்ச்சலால் உற்பத்தி பாதிக்காமல் இருக்க’ என்ற சொற்றொடர் அவர் எழுத்தில் அடிக்கடி வருகிறது. ‘நோயாளி குணமாக’ என்பதைத் தேட வேண்டியிருக்கிறது. ஷிப்மெண்ட் தேதிதான் அவருடைய தெர்மாமீட்டர். சட்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்க்க நேரமில்லை, கல்ச்சருக்கு நேரமில்லை, ஐந்து நாள் காத்திருக்க நேரமில்லை. ஆக இந்த வைத்தியம் யாருக்கு நடக்கிறது? கட்டிலில் கிடக்கிற ஆளுக்கா, தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கிற கன்டெய்னருக்கா? கட்டுரையின் தலையில் மருந்து அதிகாரத்துக் குறளை வைத்துப் பூப்போட்டிருப்பதுதான் இதில் சிகரம். அந்த அதிகாரம் முதலில் நோய் இன்னதென்று தேறச் சொல்கிறது, பிறகு அதன் காரணத்தைத் தேடச் சொல்கிறது. இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்று நாலு பக்கம் எழுதியவருக்கு அலங்காரத்துக்கு வேறு அதிகாரமா கிடைக்கவில்லை?

மருந்துக் கடையைப் பற்றி அவர் காக்கும் மௌனம் மரியாதைக்குரியது. 2014 மார்ச்சிலிருந்து எச்1 அட்டவணை நடப்பில் இருக்கிறது. செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் உட்பட நாற்பத்தாறு மருந்துகள் அப்போது அதில் வந்தன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, எழுதிய மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் ஏறி மூன்று வருஷம் இருக்க வேண்டும். சிவப்புக் கோடு போட்ட அட்டையிலிருந்து மூன்று மாத்திரையைக் கத்தரித்துப் பழுப்புக் கவரில் போட்டு, கூடவே ஒரு பாரசிட்டமாலும் ஒரு சத்து மாத்திரையும் சேர்த்து நீட்டுகிற கடைகள் நம் பக்கத்தில் உண்டா இல்லையா என்பதை அவர் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அடுத்த மலருக்கு விளம்பரம் யார் கொடுப்பார்கள்?

கோழிக்கு அதிக இடம் தர வேண்டாம். பண்ணைகளில் ஆன்டிபயாடிக் கொட்டுவது பெரிய தீமை. அதனால்தான் 2019-ல் மத்திய அரசு கோழித் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்தது. ஆனால் டைபாய்டுக் கிருமி வாழ்வது மனிதனிடம் மட்டும். கோழிக்கு டைபாய்டு வராது. கோழியிடமிருந்து நமக்கு டைபாய்டு தொற்றாது. கோழிக்கு வருகிற சால்மோனெல்லா வேறு. இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்று என்பதற்காகச் சொத்தைச் சேர்த்து எழுதுகிற தாசில்தார் வேலையை மருத்துவர் செய்கிறார். நாமக்கல் தூரத்தில் இருக்கிறது, கோழி பதில் கட்டுரை எழுதாது, வசதியான எதிரி.

மனிதனிடம் மட்டும் வாழும் கிருமி என்றால், ஒருவன் மலத்திலிருந்து இன்னொருவன் வாய்க்கு அது போகும் பாதை ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பாதைக்கு மருத்துவர் ஒதுக்கியிருப்பது ஒரே வரி: ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும்.’ ஒரு ரூமில் ஆறு பேர், ஷிப்ட் மாற்றி ஷிப்ட் படுத்து எழுந்து, அஞ்சு கிலோ சிலிண்டரில் அரிசி வேகவைத்தால் போதும் என்று இருப்பவர்களிடம் குடத்துத் தண்ணீரைப் புரள விட்டுக் காய்ச்சச் சொல்கிறார்.

லைன் வீட்டுக் காம்பவுண்டு ஒன்றில் குழாயடியைப் பாருங்கள். ஆத்துத் தண்ணி நாலைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. மற்ற நாள் குழாய்க்குள் காற்று. வருகிற அன்றைக்கு முன்வீட்டுக்காரர் லைனில் மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைகிறது. ஜாயின்ட் லேசாக விட்டிருந்தால் வெளியே தேங்கி நிற்பது உள்ளே வரும். வெளியே தேங்கி நிற்பது என்னவென்றால், நாற்பது பேருக்கு இரண்டு கக்கூஸ் இருக்கிற அந்தக் காம்பவுண்டின் குழி நிரம்பி வழிந்தது. இது கிருமியியல்கூட இல்லை. பிளம்பருக்குத் தெரிந்த விஷயம். தண்ணீர் கிளம்பும் இடத்தில் எவ்வளவு குளோரின் போட்டாலும், குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைச் சோதிக்கிற சொட்டு மருந்துப் புட்டி ஒரு தேநீர்ச் செலவு. அதை யார் கையிலாவது மருத்துவர் கொடுத்தாரா? முதலிபாளையத்துப் பாறைக்குழியில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டாதே, நிலத்தடி நீர் கெடும் என்று ஊர்க்காரர்கள் தெருவில் உட்கார்ந்தார்களே, அதற்காவது ஒரு வாக்கியம்?

திருப்பூரால் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது என்று சொல்லி இங்கே தப்பிக்க முடியாது. நொய்யலில் சாயத் தண்ணீர் விட்டதற்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், ஒரு சொட்டு வெளியேறாத சுத்திகரிப்புக்கு இந்த ஊர் மாறிக் காட்டியது. பவானிப் பக்கத்திலிருந்து நாளொன்றுக்குப் பதினெட்டரைக் கோடி லிட்டர் கொண்டுவரத் தனியாரோடு சேர்ந்து திட்டம் போட்டு, நாட்டுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கியது. பனியனுக்கு வேண்டிய தண்ணீர் வந்தது, பனியன் கழித்த தண்ணீர் சுத்தமானது. பனியன் தைப்பவர் குடிக்கிற தண்ணீருக்கும் கழிக்கிற தண்ணீருக்கும் வரும்போது மட்டும் ‘அவர்கள் சுகாதாரப் பழக்கம் சரியில்லை’ என்று நம் குரல் தாழ்கிறது.

வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. வேலூர் உட்பட நகரப் பகுதிகளில் லட்சம் குழந்தைகளுக்கு வருடத்துக்கு 576 முதல் 1173 பேருக்கு டைபாய்டு. புனேக்குப் பக்கத்துக் கிராமப் பகுதியில் 35. கிராமத்துக் குழந்தை கை கழுவுவதில் நகரத்துக் குழந்தையைவிட இத்தனை மடங்கு கெட்டிக்காரனா? நெருக்கமாக வாழ்கிற இடத்தில் சாக்கடையும் குழாயும் எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன என்பதன் அளவு அது. அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் 1908-ல் குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கினார்கள். அந்த நாட்டு நகரங்களில் டைபாய்டுச் சாவு சரிந்தது, குளோராம்ஃபெனிகால் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே. எந்த ஊசியும் இல்லாமல் நோய் வடிந்த வரலாறு இருக்கும்போது, ஊசியின் தரவரிசையைப் பற்றி மட்டும் எழுதுகிறவரை என்னவென்று சொல்வது?

தடுப்பூசியை ‘வியாபாரம்’ என்று ஒதுக்கியதையும் பார்த்துவிடலாம். நம் ஹைதராபாத்தில் பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு இணைப்புத் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒரே ஊசி, ஆறு மாதக் குழந்தையிலிருந்து போடலாம். நேபாளம், வங்கதேசம், மலாவி மூன்றிலும் ஐந்தில் நாலு பங்கு அளவுக்குக் காத்தது. கொடும் எதிர்ப்புக் கிருமி பரவிய சிந்துவிலேயே 2019-ல் குழந்தைகளுக்கு இயக்கமாகப் போட்டார்கள். சதி செய்வதாக மருத்துவர் சொல்லும் மேல்நாட்டு வியாபாரி இந்தியக் கம்பெனியின் ஊசியை ஏன் விற்றுத் தர வேண்டும்? ஒரு முறை போடும் ஊசி வியாபாரம், நாளுக்கு மூன்று முறை ஏறும் மெரோபெனெம் தர்மம். இந்தக் கணக்குப் பாடத்தை எந்தப் பள்ளியில் படித்தாரோ.

மருத்துவர் பதில் எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன்; எழுதட்டும். வரும்போது இரண்டு தாள் கொண்டுவரட்டும். போன வருஷம் தன் கிளினிக்கில் டைபாய்டு என்று ஊசி போடப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஊசிக்கு முன்னால் ரத்தக் கல்ச்சர் அனுப்பினார், எத்தனையில் கிருமி வளர்ந்தது, அது எதற்கு அடங்கியது, எதற்கு அடங்கவில்லை என்பது ஒன்று. தன் கிளினிக்குக்குக் கீழே இருக்கிற மருந்துக் கடையின் எச்1 பதிவேட்டில் செஃப்ட்ரையாக்சோனுக்கு நேரே எத்தனை பெயர் ஏறியிருக்கிறது, அத்தனை புட்டிதான் விற்றதா என்பது இன்னொன்று. இரண்டையும் வைத்துவிட்டு அவர் பீகார்க்காரரைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்கலாம். இரண்டும் இல்லையென்றால், நாமக்கல் கோழியிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் பாக்கி இருக்கிறது, அதிலிருந்து தொடங்கட்டும்.